வாய்ப்பூட்டுக் காலத்துக் கடிதம்

கல்லிடைக்குறிச்சி,
ஆடி கடைசி வெள்ளி

மாப்ளே,

நாலு நாளா நீ போன் அடிச்சும் நான் எடுக்கலைன்னு கோவத்தில் இருப்பே. எடுத்தாலும் பேச முடியாது. டாக்டர் ரெண்டு வாரத்துக்கு வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டார். குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாதாம், தொண்டையைக் கனைக்கக் கூடாதாம். 34 வருஷம் வகுப்பில் கத்தியே சம்பளம் வாங்கினவனுக்கு இது என்ன தண்டனைன்னு யோசிச்சுக்கோ. உன் தங்கச்சிக்குத்தான் வீட்டில் கொண்டாட்டம்.

எல்லாம் நம்ம சுடலை கோயில் கொடைத் திருவிழாவில் வந்த வினை. வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுக்காரர் ஒருத்தர் வரலை. "சாரே, நீங்க உக்காந்து ஆமா போடுங்க, போதும்"ன்னாங்க. ராத்திரி பத்து மணிக்கு உக்காந்தவன் விடிய விடிய ஆமா போட்டேன். ஆமா போட வந்தவன் அத்தோட நிக்கணுமில்லையா? சாமியாட்டம் உச்சத்துக்குப் போனப்போ நானும் சேர்ந்து இழுத்தேன். காலையில் காப்பி கேட்க வாயைத் திறந்தால் காத்துதான் வருது.

பாளையங்கோட்டையில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். வாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, "ஈ சொல்லுங்க"ன்னார். திரையில் என் குரல் நாண் ரெண்டும் தெரிஞ்சுது. நாண்னு சொல்றோமே, கேட்டியா, அது நாணே இல்லை. முத்து நிறத்தில் ரெண்டு சதை உதடு, ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிட்டு நிக்குது. 1741இல் ஃபெரென்னு ஒரு பிரெஞ்சுக்காரர் அதை வயலின் தந்தியோட ஒப்பிட்டுப் பேர் வச்சார். அந்தப் பேர் நம்ம தமிழ்ப் புஸ்தகம் வரைக்கும் ஒட்டிக்கிச்சு.

திரையின் ஓரத்தில் 118ன்னு ஒரு எண் ஓடுச்சு. ஒரு விநாடிக்கு அத்தனை தடவை அந்த உதடுகள் திறந்து மூடுது. கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? வெளிச்சத்தை விட்டு விட்டு அடிக்கிறாங்க. 118க்குக் கொஞ்சம் வேறுபட்ட வேகத்தில் விளக்கு மின்னினால், ஒவ்வொரு மின்னலும் அடுத்தடுத்த சுற்றில் கொஞ்சம் தள்ளிப்போன நிலையைப் பிடிக்கும். பார்க்கிறவனுக்கு ஆத்துப் பாசி அசையுற மாதிரி மெதுவா ஆடும். இதையெல்லாம் முதல்ல பார்த்தது டாக்டர் இல்லை, ஒரு பாட்டு வாத்தியார். 1854இல் மானுவல் கார்சியா பல் டாக்டர் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, வெயிலைத் திருப்பி அடிச்சுத் தன் குரல் நாணைத் தானே பார்த்தார். வாத்தியார் ஜாதின்னா சும்மாவா!

நானும் நீயும் நினைச்ச மாதிரி, தசை ஒவ்வொரு தடவையும் இழுத்து மூடுறது இல்லை. விநாடிக்கு நூறு, இருநூறு ஆணை போட மூளைக்கு வேற வேலை இல்லையா? அது செய்றது உதடுகளைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது மட்டும்தான். நெஞ்சுக்காத்து கீழிருந்து முட்டும். கீழ் விளிம்பு முதல்ல பிரியும், மேல் விளிம்பு ஒரு நொடிக்கூறு பின்னாடி. காத்து பீறிட்டதும் இடுக்கில் அழுத்தம் குறையும், சதையும் தன் இழுவையில் திரும்பும், மூடிக்கும். மறுபடி முட்டல். 1958இல் வான் டென் பெர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதைத் தெளிவாச் சொன்ன பிறகுதான் தசையா காத்தாங்கிற பழைய சண்டை ஓய்ஞ்சுது. கணக்குப் பார்த்தேன்: ஒரு மணி நேரம் விடாமல் இழுத்தால் நாலேகால் லட்சம் மோதல். அதிலும் மோதல் பலமா விழுற நடு இடத்தில் ரெண்டு பக்கமும் காய்ப்பு காய்ச்சிருக்கு. காய்ப்பு இடிக்கிறதால் இடுக்கு முழுசா மூடலை, காத்து கசியுது. அதான் கரகரப்பு.

சுதி ஏறுறது எப்படின்னு அன்னைக்குக் கொடையிலேயே என் பக்கத்தில் இருந்த உடுக்கைக்காரர் காட்டிக்கிட்டுத்தான் இருந்தார், எனக்குத்தான் உறைக்கலை. இடுப்புக் கயித்தை இறுக்கினால் தோல் விறைக்கும், 'டும்' ஏறி 'டீம்' ஆகும், விட்டால் இறங்கும். தொண்டையிலும் ஒரு சின்னத் தசை குருத்தெலும்பைச் சாய்ச்சு நாணை நீட்டி விறைக்க வைக்குது. பெண்டுகள் குரல் ஏன் மேலே நிக்குதுன்னா, நாண் நீளமும் கனமும் குறைவு. சாதாரணமா 200ஐத் தாண்டும்.

ஆனால் அந்த உதடு மட்டும் எழுப்புற சத்தத்தைக் கேட்டால் நீ என்னைச் சேர்த்துக்கவே மாட்டே. நாதஸ்வரத்தில் வாயில் வைக்கிற சீவாளியைத் தனியா ஊதின சத்தம். காருகுறிச்சி அருணாசலம் ஊர்ப்பக்கம் பிறந்த நமக்கு அதைச் சொல்லித் தரணுமா? சீவாளி கத்தும், குழல்தான் பாடும். ஒரு வித்தியாசம் உண்டு: நாதஸ்வரத்தில் குழல் சொல்ற சுதிக்குச் சீவாளி கட்டுப்படும், தொண்டையில் நாண் தன் இஷ்டத்துக்குச் சுதியை வச்சுக்கும், மேலே இருக்கிற குழல் எதைத் தூக்கி விடணும், எதை அமுக்கணும்னு மட்டும் முடிவு பண்ணும்.

அந்தக் குழல் நாணிலிருந்து உதடு வரைக்கும் ஆம்பளைக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். லேபில் நீ உடைச்சியே ஒத்ததிர்வுக் குழாய், ஞாபகம் இருக்கா? விநாடிக்கு 512 தடவை அதிர்ற இசைக்கவையைத் தட்டி மேலே பிடிச்சுத் தண்ணியை இறக்கிக்கிட்டே வருவோம். காத்துத்தூண் பதினாறு சொச்சம் வந்ததும் 'ஊம்'னு குழாய் பாடும். சவம், அது நம்ம தொண்டை அளவுதான்! இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அந்தச் சோதனையைச் செஞ்சு காட்டினேன், ஒரு தடவைகூட என் கழுத்தைத் தொட்டுக் காட்டலை. ஒரு முனை மூடின இந்த நீளக் குழாய்க்கு விநாடிக்கு 500, 1500, 2500 அதிர்வுன்னு தூக்கல் வரும். நாக்கும் உதடும் குழாயை நெளிக்க நெளிக்க இந்த எண்கள் இடம் மாறும். வாயைத் திறந்து 'ஆ'ன்னால் முதல் ரெண்டும் 700, 1100 பக்கம் வந்து நெருங்கும். நாக்கை முன்னே தூக்கி 'ஈ'ன்னால் 300க்கும் 2300க்கும் விலகி ஓடும். குசுகுசுன்னு பேசினால் நாண் அதிர்றதே இல்லை, வெறும் காத்துச் சீறல். ஆனாலும் அடுக்களையில் இருந்து உன் தங்கச்சிக்கு நான் கேட்டது சீனியா சுக்கான்னு புரியுது. குழலின் வேலை அது. (டாக்டரிடம் சொல்லிராதே.)

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதே. பழைய லேண்ட்லைன் போன் 300க்குக் கீழே இருக்கிற அதிர்வைக் கடத்தாது. என் குரலின் அடி 118. அப்போ நீ பம்பாயில் இருந்த பதினெட்டு வருஷமும் ஞாயித்துக்கிழமை ராத்திரி கேட்ட என் கட்டைக்குரல் கம்பியில் வரவே இல்லை. வந்தது 354, 472ன்னு அதன் மடங்குகள். நடுவில் இருக்கிற 118 இடைவெளியை வச்சு அடியை உன் காதும் மூளையும் தானாப் போட்டுக்கிச்சு.

இங்கே சாரல் நல்லா விழுது. ஆத்தில் தண்ணி படித்துறை மேல்படி தொட்டுப் போகுது. கார் பயிர் பச்சை கட்டிருச்சு. பேத்திக்கு நிச்சயம் ஆன சேதியை நீ வாயால் சொல்லி நான் கேட்கணும், அதனால் போன் அடி, இந்தத் தடவை எடுப்பேன். நீயே பேசு. ஆமான்னால் போனில் ஒரு தட்டு, இல்லைன்னால் ரெண்டு.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்