காலையில் மடங்காத விரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் கை வலிக்கிறது என்றால், "உப்புத் தண்ணியில கிடக்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உழைப்பால் வரும் வலி பெரும்பாலும் சாயங்காலம் கூடும், படுத்து எழுந்தால் குறையும். முடக்குவாதம், அதாவது நம் நோய் எதிர்ப்பு அணுக்களே மூட்டுகளைத் தாக்கும் நோய் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்), அப்படியே தலைகீழ். விடியற்காலையில்தான் விரல்கள் விறைத்துக்கொள்ளும். மரிக்கொழுந்து பாசி பறிக்கும் முன் விரலில் துணி சுற்றுவார்களே, அந்த முடிச்சைக்கூடப் போட முடியாது. வெயில் ஏறின பிறகுதான் கை மடங்கும்.

இது சைட்டோகைன்களின் வேலை. நோய் எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லச் சுரக்கும் சின்னப் புரதங்கள் அவை. கிருமி நுழைந்தால் காய்ச்சலை ஏற்றி நம்மைக் காப்பதும் அவைதான். முடக்குவாதத்திலோ கிருமியே இல்லாமல் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் மூட்டுச் சவ்வில் ஓயாமல் சுரந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்க வைக்கின்றன. இந்த நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-6 பின்னிரவில் கூடி, அதிகாலையில் உச்சத்துக்குப் போகிறது. காலை விறைப்புக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

என்னை மிகவும் வருத்துவது, பெயர் எழுதாத பொட்டலத்தில் கிடைக்கும் மாத்திரைகள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சைட்டோகைன்களை மொத்தமாக அடக்குவதால் வலி உடனே பறந்துவிடும். மாதக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், உள்ளே இருக்கும் தொற்று வெளியே தெரியாது. திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. முறையான சிகிச்சை இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. அதற்கும் கேட்காதவர்களுக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசி உண்டு. காசநோய்க் கிருமியை உடம்புக்குள் அடைத்து வைப்பதும் இதே டி.என்.எஃப்.தான் என்பதால், காசநோய்ப் பரிசோதனை செய்யாமல் அந்த ஊசியைப் போடக்கூடாது.

'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி வருகிறார்கள். பாசி எடுக்கும் பெண்களிடம் அவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்கட்டும்: "காலையில விரல் மடங்க எவ்வளவு நேரமாகுதக்கா?" அரை மணிக்கு மேல் என்றால், அதுவும் இரண்டு கையிலும் வீக்கம் ஆறு வாரமாக இருக்கிறது என்றால், உடனே மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மாவட்ட சுகாதாரத் துறை இதை ஆரம்பிக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
தங்கச்சிமடம்