கொம்பும் காலும்

முக்கூடல்,
ஞாயிறு சாயந்தரம்

ஏலே சுப்பையா,

நீ சொன்ன தைலத்துக்கு மூட்டுவலி கேக்கலை. அதை விடு. ராத்திரி வகுப்புக்கு ஆள் வருதான்னு கேட்டிருந்தியே, அதைச் சொல்லுதேன்.

பதினோரு பேர் வாராவ, எல்லாம் பீடி சுத்துற பொம்பளைங்க. அதுல செல்லம்மான்னு ஒருத்தி, நாப்பது வயசு. ஆயிரம் பீடிக்கு எவ்வளவு இலை, எவ்வளவு தூள், கடைக்காரன் எவ்வளவு கழிச்சான், எல்லாம் மனக்கணக்கு. பாஸ் புத்தகத்துல மட்டும் ஒரு வரி ஓடாது. பள்ளிக்கூடத்தையே பாக்காதவன்னா சங்கதி வேற. இவ ஏழாப்பு வரைக்கும் போயிருக்கா. அங்கதான் எனக்கு இடிச்சுது.

முதல்ல கண்ணையும் காதையும் பாத்துட்டு வரச் சொன்னேன். ரெண்டும் சரி. அப்புறம் திண்ணையில தனியா உக்கார வச்சு, பரீட்சைன்னு வாயால சொல்லாம, அர்த்தமில்லாத சொல்லா எழுதிக் காட்டினேன்: 'தபுக்கி', 'மிசோடு'. தெரிஞ்ச சொல்லுன்னா உருவத்தை வச்சு ஊகிச்சிருவா. இதுல அப்படியே நின்னுட்டா. 'தகரம்'ல மொத எழுத்தை எடுத்துட்டுச் சொல்லுன்னா, ரொம்ப நேரம் கழிச்சு 'தரம்'ங்கா.

கோயில் கொடை நோட்டீஸைக் குடுத்தா 'கெடை'ங்கா. யோசிச்சுப் பாருலே, வாய் மொதல்ல சொல்லுதது க. எழுதும்போது கொம்பு அதுக்கு முன்னாடி, கால் பின்னாடி. கால் கண்ணுல படலைன்னா கொடை கெடைதான். போதாததுக்கு காக்காவுக்கும் தங்கத்துக்கும் ஒரே க.

இதை வச்சு சந்தேகந்தான் படலாம். புத்தி இருந்தும் எழுத்து பிடிபடாத கற்றல் குறைபாடுன்னு உறுதியாச் சொல்ல உளவியல் படிச்சவங்க சோதிக்கணும், பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகணும். 1995 சட்டத்துல மாற்றுத்திறன் ஏழு வகைதான். 2016 சட்டத்துல 21 ஆக்கி இதையும் சேத்தாங்க. நாம வாத்தியாரா இருந்தப்போ 'மண்டு'ன்னு ஒரே வகை.

இப்போ னகரத்தையும் ணகரத்தையும் ஒரே நாள்ல எடுக்கதில்லை. முறத்துல மணலைப் பரப்பி, விரலால எழுதிக்கிட்டே வாய்விட்டுச் சொல்ல வைக்கேன். தாத்தாமாரு திண்ணையில படிச்ச படிப்புதான். சின்னப்புள்ளைக புத்தகத்தை எடுத்தா மூஞ்சி சுண்டிப்போகுது, அதனால பாஸ் புத்தகமும் பஸ் போர்டுமே பாடம். நேத்து 'ஆலங்குளம்' படிக்க நாலு நிமிஷம். ல, ள ரெண்டும் கிடக்கே அதுல! படிச்சு முடிச்சதும் தண்ணி கேட்டா.

உன் தம்பி லோடு சீட்டைக் கிளீனரைப் படிக்கச் சொல்லுவான்னு முந்தி எழுதியிருந்தே. தம்பி எத்தனாப்பு வரைக்கும் போனான்? அடுத்த வாட்டி கூட்டிட்டு வா. படிக்கன்னு சொல்லாதே, வரமாட்டான். கொடைக்குன்னு சொல்லு.

உன்
ஆறுமுகம்