போட்டை எங்க வைக்கறதுன்னு கேட்டியே

மச்சான்,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு, திட்டாத, முட்டி வலின்னு டாக்டர்கிட்ட அலைஞ்சிட்டு இருந்தேன், அவரு வயசாகுது சார்னு ஒரே வரில முடிச்சிட்டாரு. சின்னவ வேலைல சேர்ந்து வெளியூர் போயிட்டா, வீடு ஒரே அமைதி. இதுக்கு நடுவுல நீ போட் வாங்கிட்டேன்னு எழுதியிருக்க, காலேஜ்ல முழங்கால் தண்ணிக்கே பயந்தவன்டா நீ! ரொம்ப நேரம் சிரிச்சிட்டு இருந்தேன், சந்தோஷத்துலதான்.

சரி, ஏரி உறையற விண்டருக்கு போட்டை எங்க வைக்கலாம்னு மூணு வழி எழுதியிருந்த, தண்ணிலயே விடறது, ஹீட்டர் போட்ட ஷெட்ல வைக்கறது, வெளில ட்ரெயிலர் மேல வைக்கறது. தண்ணிலயே விடறத மறந்துடு. தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனமா இருக்கும், அதனால ஏரி மேல உறைஞ்சாலும் அடில உள்ள தண்ணி கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும், அதை காத்துக் குமிழி விட்டு மேல கிளப்பி போட்டை சுத்தி ஐஸ் கட்டாம பாத்துப்பாங்க, நல்ல ஐடியாதான். ஆனா ஒரு ராத்திரி கரண்ட் போனா யாரு போயி பாக்கறது? நீயா, அந்தக் குளிர்ல?

ஹீட்டர் ஷெட் சொகுசு. பைபர் போட்டுக்கு அவ்ளோ சொகுசு தேவையில்லங்கறது என் கட்சி, மரப் போட்டுக்கோ அது கெடுதலே, பலகை காஞ்சு சுருங்கி இடுக்கு விட்டுடும். அதோட ஷெட்ல வச்சிட்டா எஞ்சின்ல தண்ணி இருந்தா இருக்கட்டும்னு மெத்தனமா விட்டுடுவோம், அங்கயும் ஹீட்டர் நிக்காதுன்னு என்ன உத்தரவாதம். உன்னோடது 19 அடி, ட்ரெயிலர் வேற இருக்கு, வெளில வை, மிச்சமாகற காசுல நல்ல கவர் வாங்கு.

எங்க வச்சாலும் குளிர் எதிரி இல்லடா, உள்ள மிஞ்சற தண்ணிதான் எதிரி. தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருக்கும், எஞ்சினோட உடம்பான இரும்பு பிளாக்க பொளந்துடும். உன் எஞ்சின் ஏரித் தண்ணியவே இழுத்து குளிர வைக்கற டைப்னு எழுதியிருந்த, அதான் எனக்கு பக்குன்னு இருந்துச்சு, ஏன்னா நான் அடி வாங்கினது அந்த டைப்லதான். முதல் வருஷம் பிளாக்ல ரெண்டு பக்கமும் தண்ணிய வடிக்கறதுக்கு இருக்கற அடைப்பான், அதான் ட்ரெயின் பிளக்க கழட்டினேன், ஒரு பக்கம் தண்ணி கொட்டுச்சு, இன்னொரு பக்கம் ஒரு சொட்டுகூட வரல, சரி காலியாயிடுச்சுன்னு பிளக்க மாட்டிட்டு வந்துட்டேன். காலியும் இல்ல ஒண்ணும் இல்ல, உள்ள துருவும் மண்ணும் சேந்து ஓட்டைய அடைச்சிருந்துச்சு, பின்னாடி தண்ணி அப்படியே நின்னுருக்கு. பனி முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணா ஆயில்ல தண்ணி கலந்து பால் டீ மாதிரி வருது, பிளாக்ல விரல் நீளத்துக்கு விரிசல். எஞ்சினையே மாத்த வேண்டியதாப் போச்சு, வீட்ல ரெண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்ல.

அதனால பிளக்க கழட்டினதும் ஒரு கம்பிய விட்டு நல்லா நோண்டு. தண்ணி வரலன்னா சந்தேகப்படு. உறையாம தடுக்கற ஆன்டிஃப்ரீஸ் ஊத்திக்கலாம்னு அவசரப்படாத, உள்ள தண்ணி இருந்தா அதுல கலந்து நீர்த்துப் போயி அதுவும் உறைஞ்சிடும், முதல்ல வடிச்சிட்டுதான் ஊத்தணும். ப்ரொப்பிலீன் கிளைக்கால் வகையா பாத்து வாங்கு, கார்ல ஊத்தற எத்திலீன் கிளைக்கால் விஷம், அது ஏரில போகக் கூடாது.

இதுக்கெல்லாம் முன்னாடியே பெட்ரோல் கெட்டுப் போகாம இருக்க ஸ்டெபிலைசர்னு ஒரு மருந்து கலந்து பத்து நிமிஷம் எஞ்சினை ஓட விடு, அப்பதான் மருந்து கார்புரேட்டர் வரைக்கும் போகும், கரைல ஓட்டறப்ப ஹோஸ்ல தண்ணி குடுக்காம ஸ்டார்ட் பண்ணிடாத, தண்ணி பம்ப்ல சுத்தற ரப்பர் சக்கரம், இம்பெல்லர், கருகிடும். சூடு ஆறறதுக்குள்ள ஆயிலையும் மாத்திடு, பழைய ஆயில்ல இருக்கற அமிலம் மாசக்கணக்கா உள்ள உக்காந்து அரிக்க வேணாம். பேட்டரிய கழட்டி ஃபுல் சார்ஜ் பண்ணி வை, ஃபுல்லா இருந்தா மைனஸ் 50ல கூட தாங்கும், செத்த பேட்டரி மைனஸ் 10 வாக்குலயே உறைஞ்சு வெடிச்சிடும்.

கவர் விஷயத்துல கஞ்சத்தனம் காட்டாத. தார்ப்பாய தொட்டில் மாதிரி தொங்க விட்டா பனி அதுல சேந்து உருகி மறுபடி உறைஞ்சு ஒரு நாள் மொத்தமா கிழிச்சிட்டு உள்ள விழும். நடுவுல ஒரு கட்டைய நீளமா குடுத்து கூரை மாதிரி சரிவா கட்டு, பனி தானா வழுக்கி விழணும். ரெண்டு பக்கமும் காத்து போக வழி விடு, இறுக்கி மூடினா உள்ள வேர்த்து சீட்டெல்லாம் பூஞ்சை புடிக்கும். முன்பக்கத்த கொஞ்சம் தூக்கி வச்சு போட்டோட அடில பின்னாடி இருக்கற ஓட்டைய அடைக்கற பிளக்க கழட்டி விட்டுடு, எந்த வழியா தண்ணி பூந்தாலும் அதுவா போயிடும். எலி உள்ள வரும், அதுக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கல, குஷனை எல்லாம் வீட்டுக்கு தூக்கிட்டு வந்துடறேன், அவ்ளோதான்.

போட்டோட அடில கழட்டின பிளக்க ஸ்டீரிங்ல கட்டி தொங்க விடு, மறந்துடாத. பிளக் போடாம போட்டை தண்ணில இறக்கின புத்திசாலிங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன், அந்தக் கதைய நேர்ல சொல்றேன், எழுதினா மானம் போயிடும்.

தங்கச்சியையும் பசங்களையும் கேட்டதா சொல்லு. முதல் உறைபனிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வேலைய ஆரம்பி, பிளாக்ல கம்பி விடறப்ப வீடியோ கால் போடு, ரெண்டு பக்கமும் தண்ணி வருதான்னு நானும் பாக்கணும்.

உன் பழைய ரூம்மேட்