எங்களுக்குக் குளிர் ஜூனில்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் மாதப் பெண்கள் பக்கத்தில் குளிர்கால அலங்காரமாக நீங்கள் போட்டிருந்த குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) பனிப்பூவைப் பார்த்ததுமே நூலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில். ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டு, உள்ளங்கை வேர்வையில் வெள்ளை நூல் அழுக்காகிவிடுமோ என்று பயந்து பயந்து பின்னியதில் ஒரு பூ முடிக்கவே இரண்டு நாளாகிவிட்டது. கஞ்சி போட்டு, குண்டூசி குத்திக் காயவைத்தால் மறுநாள் காலையிலும் பிசுபிசுவென்று கிடந்தது. இங்கே டிசம்பர் என்றால் வெயில், மழை, ஈரக்காற்று. குளிர்காலம் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் வரைதான்.

அதனால் கேட்கிறேன், இந்தக் குளிர்கால அலங்காரங்களை மே மாதத்திலும் ஒருமுறை போடுங்கள். மொரீஷியஸ், ரீயூனியன், ஆஸ்திரேலியா என்று பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்து உங்கள் பத்திரிகையைப் படிக்கிற எல்லோருக்கும் அதுதான் சரியான சமயம்.

டர்பனில் பனி விழாது. ஆனால் டிராக்கன்ஸ்பெர்க் மலைகள் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும், ஜோஹானஸ்பர்க்கில்கூட 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலை 10ஆம் தேதியும் பனி பெய்தது. அங்கே இருக்கிற என் மகள் அன்று காலையில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடி, கையில் விழுந்த பனியைப் படம் எடுத்து அனுப்பினாள். பெரிதாக்கிப் பார்த்தேன், ஆறு கை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஆறு மூலையாகத்தான் கோத்துக்கொள்ளும் என்று பேரன் சொன்னான். நீங்கள் போட்ட பூவுக்கு எட்டுக் கை! அழகுதான், இருந்தாலும் பனிப்பூ என்று பெயர் வைத்தால் ஆறு கை இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். செய்வதும் சுலபம், ஆறு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு வளையமாக்கி, அதற்குள் பன்னிரண்டு தையல் போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றில் கையைக் கிளப்பினால் தானாக ஆறு வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். செய்முறையில் டபுள் குரோஷா என்று தையலின் பெயர் மட்டும் போட்டிருந்தது. அமெரிக்கக் கணக்கா, பிரிட்டிஷ் கணக்கா? நாங்கள் இங்கே கற்றுக்கொண்டது பிரிட்டிஷ் கணக்கு. அதில் டபுள் என்பது அமெரிக்கர்களின் சிங்கிள், குட்டையான தையல்; அவர்களுடைய டபுள் எங்களுக்கு டிரெபிள். நான் என் வழக்கப்படி போட்டேன், கைகளெல்லாம் சுருங்கிப் பூ பாதி அளவுக்கு வந்து நின்றது. முழுசாகப் பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். செய்முறைக்கு மேலே எந்தக் கணக்கு என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ பேருக்கு நூலும் நேரமும் மிச்சமாகும்.

விறைப்பாக்கச் சர்க்கரைப் பாகு சொல்லியிருந்தீர்கள். கரும்புத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் பாட்டி காலத்திலும் டாய்லிக்கு (மேசையில் போடும் சின்னப் பின்னல் விரிப்பு) சர்க்கரைத் தண்ணீர்தான், ஆனால் டர்பன் ஈரத்தில் அது ஒட்டும், எறும்பும் வரும். ஒரு ஸ்பூன் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) பச்சைத் தண்ணீரில் கரைத்து, கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, ஆறியதும் பூவை முக்கிப் பிழிந்து விரித்தால் போதும். பருத்தி நூலாக இருக்கட்டும். குண்டூசி துருப்பிடிக்காததாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வெள்ளையில் கறை விழுந்துவிடும். ஜூலையில் எங்கள் காற்று காய்ந்திருக்கும், ராத்திரி வைத்தால் காலையில் மொடமொடவென்று எடுத்துவிடலாம்.

அப்புறம், குளிர் என்றால் பனிப்பூ மட்டும்தானா? எங்கள் குன்றுகளில் ஜூன், ஜூலையில் கற்றாழை பூக்கும், செம்மஞ்சளில் தீப்பந்தம் ஏற்றி வைத்த மாதிரி. செம்மஞ்சள் நூலில் பாப்கார்ன் பின்னலை (உருண்டையாகப் புடைத்து நிற்கும் தையல்) அடுக்கடுக்காக மேலே ஏற்றினால் அப்படியே வந்துவிடும். விரல் அளவுக் கம்பளித் தொப்பி பின்னி ஒரு சரமாகக் கோத்து ஜன்னலில் கட்டலாம். பால் ஜாடியை மூடுவதற்கு ஓரத்தில் மணி வைத்துப் பின்னும் வலை இங்கே பல வீடுகளில் உண்டு, அந்த மணிகளையே பனிப்பூவின் நுனியில் வைத்துப் பார்த்தேன், விளக்கு வெளிச்சத்தில் அவ்வளவு அழகு. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கஞ்சி ஊற்றும் நாட்களில் பெண்கள் கூடி உட்கார்ந்து பேசுவோம், அங்கேயும் பையில் நூலும் ஊசியும் இருக்கும்.

ஜூலை 18 மண்டேலா தினத்துக்காகச் சதுரம் சதுரமாகப் பின்னி, போர்வையாக இணைத்து, குளிரில் வாடுகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இந்த நாட்டில் நன்றாக வேர் பிடித்துவிட்டது. 2015இல் பிரிட்டோரியாவில் விரித்த போர்வை உலகிலேயே பெரிய குரோஷா போர்வையானது. அடுத்த ஜனவரியிலேயே சென்னையில் நம் பெண்கள் 11,148.5 சதுர மீட்டருக்கு விரித்து அந்தச் சாதனையைத் தாண்டிவிட்டார்கள். அன்று எனக்கு எந்தப் பக்கம் கை தட்டுவதென்றே தெரியவில்லை, இரண்டு பக்கமும் தட்டினேன்.

கற்றாழைப் பூவின் செய்முறையைப் படத்தோடு தனியாக அனுப்புகிறேன், பிரிட்டிஷ் கணக்கு, அமெரிக்கக் கணக்கு இரண்டிலும் எழுதி. மே மாதம் இடம் ஒதுக்கினால் போதும்.

இப்படிக்கு,
சாட்ஸ்வர்த் வாசகி,
டர்பன், தென்னாப்பிரிக்கா