ஏ பக்கம் உன்ரது, பி பக்கம் என்ரது

அன்புள்ள மச்சான்,

நீ திரும்பிப் போய் மூண்டு கிழமையாச்சு. நல்லூர்த் தேர் முடிஞ்ச அண்டிரவு எங்கட விறாந்தையில இருந்து நீ சொன்ன கதை இன்னும் எனக்குள்ள கிடந்து குடையுது. போனில கதைக்கலாம்தான். ஆனா நீ குறுக்க விழுவாய், நான் சத்தம் போடுவன், கடைசியில பிள்ளையளின்ர படிப்பைக் கதைச்சிட்டு வைச்சிடுவம். அதால எழுதுறன். அண்டைக்குக் கூட இருந்த மற்ற மூண்டு பேரும் வாசிக்கட்டும் எண்டுதான் எல்லாருக்கும் தெரியத்தக்கதா எழுதுறன்.

நீ ரெண்டு விஷயம் சொன்னனி. ஒண்டு, எனக்குப் பிங்க் புளொய்ட் எண்ட இங்கிலாந்து றொக் குழுவின்ர 'விஷ் யூ வேர் ஹியர்' அல்பம் பிடிக்கிறது இசைக்காக இல்லை, எல்லாரும் விட்டிட்டுப் போட்டினம் எண்ட கவலைக்காக. 'நீ இங்க இருந்திருக்கலாம்' எண்ட அர்த்தம் வாற அல்பத்தின்ர பேரில மயங்கின ஆள் நான். மற்றது, அது முடிவே இல்லாத அல்பம், உனக்குப் பிடிச்ச அவையின்ர 'டார்க் சைட் ஒஃப் த மூன்' மாதிரித் துவங்கின இடத்தில வந்து முடியாமல், தேய்ஞ்சுகொண்டு போய் டக்கெண்டு நிண்டிடும். முதல் விஷயத்துக்கு நான் அண்டைக்கு வாய் திறக்கேல்லை. இரண்டாவதுக்கு என்னட்டை மறுமொழி இருக்கு. அதைக் கடைசியில சொல்லுறன்.

அந்தக் கசெற்றில இருந்து துவங்குவம். கொண்ணை 1990க்கு முதல் வெள்ளவத்தையில ஒரு றெக்கோடிங் பாரில அடிச்சுக் கொண்டந்த தொண்ணூறு நிமிசக் கசெற். 'டார்க் சைட்' 43 நிமிசம், 'விஷ் யூ வேர் ஹியர்' 44 நிமிசம். பக்கத்துக்கு ஒண்டு அளவா அடங்கிச்சுது. ஏ பக்கம் உன்ரது, பி பக்கம் என்ரது. அட்டையில படமும் இல்லை, பாட்டுப் பேரும் இல்லை. கொண்ணை நீலப் பேனையால 'பிங்க் புளொய்ட்' எண்டு எழுதினது மட்டும்தான். 1975இல 'விஷ் யூ வேர் ஹியர்' இசைத்தட்டு வெளிவரேக்கயும் அட்டைப்படத்தைக் கறுப்புப் பிளாஸ்ரிக் உறையால மூடித்தான் வித்தவையாம். எரிஞ்சுகொண்டு கைகுலுக்கிற அந்த மனுசனின்ர படத்தை நாங்கள் காணப் பத்து வருசத்துக்கு மேல பிடிச்சுது.

1993, 94இல யாழ்ப்பாணத்தில கறன்ற் இல்லை, பற்றரி தடை. எங்கட கூட்டாளி கொக்குவில்காரன் நாலு டயோட்டையும் ஒரு பெரிய கப்பாசிற்றரையும் பலகைத் துண்டில பத்த வைச்சுத் தந்தான். சைக்கிளைக் கவிட்டு, பின் சில்லில டைனமோவை முட்ட விட்டு, பெடலைக் கையால சுத்திப் பாட்டுக் கேட்ட காலம். பிடிவாதம் பிடிச்சு ஒரு சட்டமும் போட்டனாங்கள், ஞாபகமிருக்கோ? ஆற்ற பக்கம் ஓடுதோ அவர்தான் சுத்த வேணும். மற்றவர் பாயில படுத்திருந்து கேக்கலாம்.

மச்சான், இதை நான் இப்பதான் யோசிக்கிறன். அப்பிடியெண்டால் நான் 'டார்க் சைட்'டைத்தான் வடிவாக் கேட்டிருக்கிறன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல். என்ர அல்பத்தை நான் சங்கிலிச் சத்தத்துக்குள்ளால, வேர்த்து வடிய வடியக் கேட்டனான். அதை அமைதியாக் கேட்டது நீ. இந்த ரெண்டு வருசச் சண்டையில ரெண்டு பேரும் மற்றவன்ர பக்கத்தைத்தான் முழுசாக் கேட்டிருக்கிறம்.

அதால உன்ர அல்பத்தைப் பற்றி நான் சொல்லுறதை நம்பு. அது பெரிய வேலை. அபி றோட் கலையகத்தில அலன் பார்சன்ஸ் எண்ட ஒலிப்பதிவாளர் கடிகாரக் கடையில ஒவ்வொரு கடிகாரமாத் தனித்தனியப் பதிஞ்சு கொண்டந்த சத்தம் 'டைம்' பாட்டின்ர துவக்கத்தில ஒண்டா வெடிக்கேக்க, நான் பாயில இருந்து எழும்பினது உனக்குத் தெரியும். 'மணி' பாட்டை எங்களுக்கு விளங்கப்படுத்தினது இணுவில்காரன். தவில் படிச்ச கை. ரெண்டு தரம் கேட்டிட்டு மேசையில தட்டிக் காட்டினான்: தகிட தகதிமி, தகிட தகதிமி. "மிஸ்ர சாப்படா, ஏழு" எண்டான். பிறகு கிற்றார் தனிய வாசிக்கிற இடம் வர, "பாருங்கோ, இப்ப நாலுக்கு மாறிட்டாங்கள்" எண்டு கத்தினான். ஆங்கிலம் அரைவாசி விளங்காத எங்களுக்கு அந்தப் பாட்டின்ர எலும்பு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. நல்லூர் வெளிவீதியில தவிலடிக்குப் பக்கத்தில நிண்டு வளந்த பெடியளுக்கு ஏழு புதுசில்லை. லண்டன்காரர் நாலு பேர் அதை இவ்வளவு சுலபமா நடத்திப்போட்டு நடுவில நாலுக்குத் தாவினதுதான் புதுசு.

'த கிறேட் கிக் இன் த ஸ்கை' ஓடேக்க அம்மம்மா குசினிக்குள்ள இருந்து "ஆற்ற வீட்டிலயடா செத்தவீடு?" எண்டு கேட்டா. ஒரு சொல்லும் இல்லாத பாட்டு. க்ளெயர் ரொறி எண்ட பாடகி வந்து, சொல் ஒண்டும் தராமல் சாவைப் பற்றின பாட்டு எண்டு மட்டும் சொல்ல, நிண்ட நிலையில பாடிப்போட்டு 30 பவுண் காசு வாங்கிக்கொண்டு போனவ. முப்பது வருசத்துக்குப் பிறகு வழக்குப் போட்டுத்தான் பாட்டாக்கினவை எண்ட இடத்தில அவவின்ர பேரும் சேர்ந்தது. பாசை தெரியாத அம்மம்மாவுக்கு அது ஒப்பாரி எண்டு விளங்கினது. அந்தப் பாட்டுக்கு முன்னால என்னட்டை வாதம் இல்லை. அண்டும் இல்லை, இண்டும் இல்லை.

ஆனா 'டார்க் சைட்' 1988 வரைக்கும் அமெரிக்காவின்ர பில்போட் விற்பனைப் பட்டியலில 741 கிழமை இருந்தது எண்ட கணக்கைத் திரும்பவும் தூக்கிக்கொண்டு வராதை. அது வித்த கணக்கு. நாங்கள் கதைக்கிறது கேட்ட கணக்கு.

கொக்குவில்காரன் அதே குழுவின்ர 'த வோல்' அல்பம்தான் பெரிசு எண்டு நிண்டவன். அவன்ர காரணத்தை நான் மதிக்கிறன். அதின்ர முதல் பாட்டு முடியேக்க ஒரு விமானம் குத்தி இறங்கிற சத்தமும், பிறகு குழந்தை அழுகிற சத்தமும் வரும். அவன்ர வீட்டில அதைப் போட்ட முதல் நாள், அவன்ர அம்மா சின்னவளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடினவ. வாற விமானம் பொம்மர், சியாமாசெட்டி, அவ்ரோ எண்டு சத்தத்திலயே பிரிச்சறிஞ்ச சனம் நாங்கள். குழுவில பாட்டெழுதின றோஜர் வோட்டர்ஸின்ர தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்தில 1944இல இத்தாலியில செத்தவர். மகனுக்கு அஞ்சு மாசம். அந்தச் சத்தத்தை அவர் சும்மா போடேல்லை. எண்டாலும் ரெண்டு இசைத்தட்டுக்கு நீட்டினது கூட எண்டுதான் நான் சொல்லுவன். அவையின்ர மற்ற அல்பம் 'அனிமல்ஸ்' பற்றி இணுவில்காரன் வேணுமெண்டால் தனிய எழுதட்டும்.

இப்ப என்ரதுக்கு வாறன்.

டைனமோவில பாட்டுப் போட்ட ஆளுக்கு ஒண்டு தெரியும். சத்தம் கூடின இடத்தில பெடல் பாரமாகும். றெக்கோடர் கூட மின்சாரம் இழுக்கும், கை இறுக்கிக் குடுக்க வேணும். அதால அந்த அல்பத்தின்ர ஏற்ற இறக்கம் முழுக்க எனக்கு முழங்கையால தெரியும். 'சைன் ஒன் யூ கிறேசி டயமன்ட்' துவங்கேக்க பெடல் காத்து மாதிரி இருக்கும். ரிச்சட் றைட்டின்ர கீபோட் மட்டும், மெல்லமா, நீளமா. நாலு நிமிசம் வர டேவிட் கில்மோரின்ர கிற்றாரில அந்த நாலு சுரம். திரும்பவும் அதே நாலு. பிறகு நிக் மேசனின்ர ட்றம் இறங்கேக்கதான் கையில பாரம் விழும். முதல் குரல் வர எட்டரை நிமிசத்துக்கு மேல. அவ்வளவு நேரம் ஒரு பாட்டு ஆளைக் காக்க வைச்சு, அலுக்காமலும் வைச்சிருக்கிறதை நான் வேற எங்கயும் கேக்கேல்லை. கேட்டிருந்தா அது கச்சேரியில, ஆலாபனையில.

இன்னொண்டும் கிடக்கு. கை ஒரு சொட்டுத் தளர்ந்தாலும் கசெற் இழுபட்டுச் சுருதி இறங்கும். 'மணி'யில அது தெரியாது. சில்லறைச் சத்தம், காசுப்பெட்டிச் சத்தம், எல்லாம் மூடிவிடும். 'சைன் ஒன்'னில ஒரு நீட்டுச் சுரம் நிக்கேக்க கை தளர்ந்தா அந்த இடத்திலயே அம்பிடுவன். நீ பாயில படுத்துக்கொண்டு "இறங்குதடா" எண்டுவாய். மறைக்க இடமே இல்லாத இசை அது. நாலு பேரும் ஒவ்வொரு சுரத்துக்கும் அவ்வளவு இடம் விட்டிருக்கினம். 'டார்க் சைட்'டில இதயத் துடிப்பில இருந்து இதயத் துடிப்பு வரைக்கும் இடைவெளி இல்லாமல் அடுக்கியிருக்கினம். அதின்ர அழகு அதுதான். எனக்குப் பெரிசு எண்டு படுறது மற்றது. இது இசைக் காரணம், மச்சான். கவலை இல்லை.

கவலையும் இருக்குத்தான். அதை மறைக்கேல்லை.

குழுவைத் துவக்கினவையில ஒருத்தரான சிட் பரட் 1968இல அதை விட்டுப் போனவர். புத்தி தளம்பினது எண்டு எல்லாரும் எழுதுகினம். ஏழு வருசம் கழிச்சு, 1975 யூன் 5, அவரைப் பற்றின இந்தப் பாட்டில வேலை நடந்துகொண்டிருக்கேக்க, அபி றோட்டுக்கு ஒரு ஆள் வந்து நிண்டிருக்கிறார். உடம்பு வைச்சு, தலை வழிச்சு, புருவமும் வழிச்சு. கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் ஆளைத் தெரியேல்லை. பரட்தான் அது.

உனக்குச் சொல்லாத ஒண்டைச் சொல்லுறன். இந்த முறை நீ யாழ்தேவியில வந்து இறங்கின அண்டு, நான் உன்னைத் தாண்டிப் போய் மூண்டாவது பெட்டியில தேடினனான். போனில முகத்தை மட்டும் பார்த்த ஆளின்ர நடையும் தோளும் எனக்குத் தெரியேல்லை. நீ பின்னால வந்து கூப்பிட்ட பிறகுதான் திரும்பினன். வீட்டை வரும்வரைக்கும் எனக்கு அந்த அபி றோட் அறைதான் நினைவில நிண்டது.

'விஷ் யூ வேர் ஹியர்' எண்ட பேர்ப் பாட்டுக்கு வருவம். அது துவங்கேக்க றேடியோ திருப்பிற சத்தம். கில்மோரின்ர கார் றேடியோவில பதிஞ்சதாம். ஒவ்வொரு நிலையமாத் தாண்டிப் போகும். எங்கட வீட்டில அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், பிபிசி தமிழ்ச் செய்தி. ஐயா வெளியில இருந்து "தமிழோசை வந்திட்டுதோ?" எண்டு கேட்டுக்கொண்டு கதிரையை இழுத்துக்கொண்டு வருவார். பிறகு மெலிஞ்ச கிற்றார் ஒண்டு, றேடியோவுக்குள்ள இருந்து வாற மாதிரி. அதுக்குப் பக்கத்தில, அறைக்குள்ளயே இருக்கிற ஒருத்தர் தன்ர கிற்றாரை எடுத்து அந்த றேடியோவோட சேர்ந்து வாசிக்கிற மாதிரி இரண்டாவது கிற்றார் வரும். நான் சுத்திக்கொண்டிருக்க, பாயில கிடந்த நீ அந்த இரண்டாவது கிற்றாரை வாயால வாசிப்பாய். ஒவ்வொரு முறையும். அதால எனக்கு இண்டைக்கும் அந்தக் கிற்றார் உன்ர குரலில்தான் கேக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணச் சனம் இடம்பெயரேக்க, நாவற்குழிப் பாலத்தில சனத்தோட சனமா நிக்கேக்க, காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் வைச்ச தகரப் பெட்டிக்குள்ள அந்தக் கசெற்றும் இருந்தது. அடுத்த வருசம் நீ வெளியில போட்டாய். கசெற் என்னட்டை இருக்கு. 2002இல ஏ-9 பாதை திறந்த பிறகு, கொழும்பில இருந்து வந்த ஒருத்தர் எனக்கு அந்த அல்பத்தைச் சீடியாத் தந்தார். சங்கிலிச் சத்தம் இல்லாமல், காதில ஹெட்போனோட, அண்டைக்குத்தான் முதல் தரம் கேட்டன். இரண்டாவது கிற்றார் துவங்க முதல் ஒரு இருமல் கேக்கும். ஒலிப்பதிவிலயே இருக்கிற இருமல். நான் ஹெட்போனைக் கழட்டித் திரும்பிப் பார்த்தன்.

அதே நாள்தான் மற்றதும் தெரிய வந்தது. உன்ர இரண்டாவது விஷயத்துக்கு மறுமொழி இதுதான். எங்கட கசெற்றில கடைசித் துண்டு இல்லை. வெள்ளவத்தைக் கடையில இசைத்தட்டை மறுபக்கம் திருப்பின நேரமும் சேர்ந்து பதிஞ்சதில, நாடா முடிஞ்சு போச்சு. நீ சொல்லுற அந்த 'டக்' அல்பத்தின்ர முடிவு இல்லை, கசெற்றின்ர முடிவு.

உண்மையான முடிவு றைட்டின்ர கையில இருக்கு. 'சைன் ஒன்'னின்ர ஒன்பதாம் பகுதி அவர் அமைச்சது. பாட்டு அடங்கி அடங்கிப் போகேக்க, காதைக் கிட்டக் குடுத்தாத்தான் கேக்கும், 'சீ எமிலி பிளே'யின்ர மெட்டில ஒரு சின்ன வரி வாசிக்கிறார். 1967இல பரட் எழுதின பாட்டு அது. வெளியில போன சிநேகிதனின்ர பழைய மெட்டு, கடைசி நேரத்தில, ஒரு சொல்லும் இல்லாமல். துவங்கின இடத்துக்கு வாறது எண்டால் இதை விட எப்பிடி வாறது?

அண்டிரவு நீ போக எழும்பேக்க சாதாரணமாச் சொன்னனி, 1996க்குப் பிறகு அந்த அல்பத்தை ஒருநாளும் போட்டுக் கேக்கேல்லை எண்டு. 'டார்க் சைட்'டை மூண்டு விதமான பதிப்பில வைச்சிருக்கிற ஆள், மற்றப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. ஏன் எண்டு நான் கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை.

ஒருக்காப் போட்டுக் கேள், மச்சான். முதல் பாட்டில இருந்து, நிப்பாட்டாமல். ஒருத்தரும் சுத்தத் தேவையில்லை. கடைசியில சத்தத்தைக் கூட்டி, எமிலியின்ர அந்த வரி எத்தினையாவது நிமிசத்தில வருது எண்டு பார்த்து எனக்கு எழுது.

அன்போட,
உன்ர பி பக்கம்