கயல், நான் கல்லில் வழுக்கவில்லை

அன்புள்ள கயலுக்கு,

ஸ்பெயின் மலையில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட மணிக்கட்டு சரியாகிவிட்டது. கட்டு அவிழ்த்துப் பத்து நாளாகிறது. நேற்று தோசை மாவைக் கையாலேயே கரைத்துப் பார்த்தேன், வலி இல்லை. தினமும் போனில் கேட்கிறாய், நானும் பரவாயில்லை என்கிறேன். ஆனால் நீ கேட்பது கையை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று த்ரெவேலெஸ் ஊரில் சைக்கிள்களை வேனில் ஏற்றும்போது, "உன்னைக் கூட்டிட்டு வந்தது தப்பாம்மா?" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. கிரனாடா வந்து சேரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாய். அதற்கப்புறம் மலை என்ற பேச்சையே நீ எடுக்கவில்லை.

நான் பயப்படவில்லை கயல். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை ஓர்ஹிவாவில் அந்தப் பாட்டரி சைக்கிளைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. மோட்டார் வைத்தது எப்படிச் சைக்கிள் ஆகும் என்று தோன்றியது. ஏறிய பிறகுதான் புரிந்தது. நாம் மிதித்தால்தான் அது உதவுகிறது, கால் நின்றால் அதுவும் நின்றுவிடுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உதவி தானாகவே விலகிக்கொள்ளும், ஐரோப்பாவில் சட்டமே அப்படி என்றாய். ஓர்ஹிவா கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டர், கபிலெய்ரா 1,436 மீட்டர். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் ஏற்றத்தை இந்த ஐம்பத்து மூன்று வயதில் மிதித்து ஏறியிருக்கிறேன். இங்கே யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், நீ எடுத்த படத்தைக் காட்டுகிறேன்.

இறக்கத்துக்கு நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் அப்படியே நினைவிருக்கிறது. பட்டனை அமுக்கிச் சீட்டைத் தாழ்த்து. உட்காராதே, இரண்டு பெடலும் சமமாக இருக்கும்படி வைத்து எழுந்து நில். இடுப்பைப் பின்னால் தள்ளு. பிரேக்கை ஒரே விரலால் பிடி, கெட்டியாகப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடி. எல்லாவற்றுக்கும் மேலே, கல்லைப் பார்க்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், கண் போகிற இடத்துக்குத்தான் சக்கரம் போகும்.

இந்தக் கடைசி வார்த்தையை நான் 1992-லேயே கேட்டிருக்கிறேன். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த சமயம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். எனக்கு இருபது வயது. லேடீஸ் சைக்கிள் எங்கேயும் கிடைக்கவில்லை, அதனால் பார் வைத்த ஆம்பளை சைக்கிளையே எடுத்துக்கொண்டோம். பள்ளிக்கூட மைதானத்தில் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்த அக்கா கத்துவார்: "முன்னாடி சக்கரத்தைப் பாக்காதடி, அந்த வேப்பமரத்தைப் பாரு!" உன் தாத்தா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் சந்தையிலிருந்து திரும்பும்போது அவரே அரிசி மூட்டையை என் கேரியரில் வைத்துக் கட்டினார். பிறகு அதே சைக்கிளின் பாரில் துண்டைச் சுற்றி உன்னை உட்கார வைத்துப் பால்வாடிக்குக் கொண்டுபோனேன். இந்தக் கதை உனக்குத் தெரியும். ஏன் திரும்பச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

போகெய்ராப் பள்ளத்தாக்கின் மூன்று ஊர்களும் என் கண்ணிலேயே நிற்கின்றன. கீழே பம்பனெய்ரா, நடுவில் புபியோன், மேலே கபிலெய்ரா. தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் யாரோ சுண்ணாம்பைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி. கிட்டே போனால் எல்லாம் தட்டையான மாடி வீடுகள். செஸ்ட்நட் மர உத்திரம் போட்டு, அதன் மேல் பலகைக் கல் பரப்பி, அதற்கும் மேல் லௌனா என்கிற சாம்பல் நிறக் களிமண். அந்த மண் தண்ணீர் பட்டால் இறுகிக்கொள்ளும், ஒழுகாது. தெருவுக்குக் குறுக்கே ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு மேலாலேயே கூரை போட்டு, அடியில் நிழலாக நாம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோமே, அதற்குத் தினாவோ என்று பெயர் சொன்னாய். மொராக்கோவின் அட்லஸ் மலையில் பெர்பெர் மக்கள் வீடு கட்டுவதும் இப்படித்தான் என்றாய். பம்பனெய்ராவில் கிழிந்த துணிகளை நாடா நாடாவாகக் கிழித்துத் தறியில் நெய்த ஹராபா என்கிற விரிப்பைப் பார்த்ததும் நான் கடையை விட்டு நகரவே இல்லை. வாங்கி வந்த விரிப்பு இப்போது ஊஞ்சலில் கிடக்கிறது.

அந்த ஊர்களின் கதையை நீ ராத்திரி மிகாஸ் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். (மிகாஸ் எனக்குப் பிடித்தது. பழைய ரொட்டியை உதிர்த்துப் பூண்டும் எண்ணெயும் போட்டு வறுப்பதை நம் உப்புமாவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.) 1492 ஜனவரி 2-ஆம் தேதி கிரனாடா முஸ்லிம் அரசிடமிருந்து கிறிஸ்தவ அரசர்கள் கைக்கு மாறியது. கடைசி முஸ்லிம் அரசன் போவாப்திலுக்கு இந்த மலையைக் கொடுத்தார்கள், அடுத்த வருஷமே அவன் கடல் தாண்டிப் போய்விட்டான். அவனுடைய சனங்கள் இங்கேயே இருந்தார்கள், மதம் மாற்றப்பட்டார்கள். 1567-இல் அரபு பேசக்கூடாது, அந்த உடை கூடாது, அந்தப் பெயர் கூடாது என்று தடை. 1568 கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி கலகம் வெடித்தது. 1571 வரை சண்டை. அப்புறம் எல்லோரையும் துரத்திவிட்டு, வடக்கே கலீசியா, லெயோன் பக்கமிருந்து ஆட்களைக் கொண்டுவந்து காலி வீடுகளில் குடியேற்றினார்கள். வந்தவர்களுக்கு வாய்க்கால் வேலை தெரியாது என்பதால் ஊருக்கு இரண்டு பழைய குடும்பங்களை மட்டும் நிறுத்திவைத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்களாம். அந்த இரண்டு குடும்பத்தை நினைத்து நான் வெகுநேரம் தூங்கவில்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோரும் போன பிறகு, அவர்கள் வீட்டில் குடிவந்தவனுக்கே மடை திறக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண் காலையில் எழுந்து எந்த முகத்தோடு தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள்?

மறுநாள்தான் கபிலெய்ராவுக்கு மேலே அந்தப் பெரியவரைப் பார்த்தோம். வாய்க்கால் கரையோரமாகவே ஒற்றையடிப் பாதையில் வந்துகொண்டிருந்தோம், அகலம் சைக்கிளின் கைப்பிடி அளவுதான். அவர் மண்வெட்டியோடு குனிந்து ஒரு பலகைக் கல்லைத் தூக்கி வைத்து, இடுக்கில் புல்லோடு சேர்ந்த மண்ணை வைத்து அடைத்தார். தண்ணீர் ஒரு நிமிஷம் தயங்கி, அப்படியே பக்கத்து வாய்க்காலில் திரும்பியது. நான் இறங்கி நின்றுவிட்டேன். நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டியும் இதே மாதிரிதான் குனிவார், இதே மாதிரிதான் காலால் மண்ணை மிதித்து அமுக்குவார். அவருக்கு அங்கே அசேகியெரோ என்று பெயர், வாய்க்காலுக்கு அசேகியா. அரபு வார்த்தைதான். அரபு பேசினால் குற்றம் என்றவர்களாலும் அந்தச் சொல்லை விட முடியவில்லை பார்.

அவர் சொன்னதை நீ மொழிபெயர்த்துச் சொன்னபோது முழுதாக விளங்கவில்லை. ஊருக்கு வந்து யோசித்துப் பார்த்துத்தான் பிடிபட்டது. பனி உருகும் காலத்தில் ஓடையில் தண்ணீர் ஏராளமாக வருகிறது. விட்டால் நேரே கடலுக்குப் போய்விடும். அதனால் மலை உச்சிக்குப் பக்கத்திலேயே அதை மறித்து, மண் வாய்க்காலில் பக்கவாட்டில் கொண்டுபோய், பாறை வெடித்துத் தண்ணீர் இறங்கும் இடமாகப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். இதற்குக் கரேயோ என்று பெயர். தண்ணீர் மலைக்குள்ளேயே மெல்ல நடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, வெயில் காலத்தில் கீழே ஊற்றாக வெளியே வருகிறது. தண்ணீரை விதைக்கிறோம் என்கிறார்கள். வாய்க்கால் ஒழுகவேண்டும், ஒழுகினால்தான் வேலை நடக்கும். கரையோரத்து செஸ்ட்நட் மரமும் கருவாலி என்கிற ஓக் மரமும் அந்தக் கசிவில்தான் நிற்கின்றன. சிமெண்ட் பூசினால் மரமும் போச்சு, ஊற்றும் போச்சு. இதைக் கேட்டதும் நம் வரத்து வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டபோது உன் தாத்தா பஞ்சாயத்தில் சண்டை போட்டது ஞாபகம் வந்தது. அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

பெர்ச்சுலெஸுக்கு மேலே இருக்கும் வாய்க்கால்களை ஸ்பெயினின் நிலவியல் நிறுவனமே ஆராய்ந்திருக்கிறது, வழியில்தான் இருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் பெரியவர். நாம் பெர்ச்சுலெஸ் போகவே இல்லை.

போர்த்துகோஸ் இரும்பு ஊற்றின் தண்ணீர் எனக்குப் பிடிக்கவில்லை, பாறையெல்லாம் துருவேறிச் சிவந்து கிடந்தது பார்க்க மட்டும் அழகு. சரி, அதை விடு.

இப்போது அந்த இறக்கத்துக்கு வருகிறேன். புஸ்கிஸ்தாரைத் தாண்டிக் கருவாலிக் காட்டுக்குள் வந்து, த்ரெவேலெஸ் கண்ணில் பட்ட இடம். மூன்று அடுக்காக ஊர், பின்னால் பனியோடு முலாசென் பக்கத்து மலை. பாதையெல்லாம் தகடு தகடாக உதிர்ந்த கல். "நான் முன்னாடி போறேன், என் தடத்திலயே வா" என்று சொல்லிவிட்டு நீ இறங்கினாய்.

கயல், நீ சைக்கிள் ஓட்டி நான் பார்த்ததே இல்லை. அதுதான் விஷயம். மூன்று நாளும் நீ எனக்காக மெதுவாக, எனக்குப் பின்னால் வந்தாய். அந்த இறக்கத்தில்தான் முதல் தடவையாக உன் போக்கில் போனாய். எழுந்து நின்று, முழங்கை அகட்டி, வளைவில் சைக்கிள் மட்டும் சாய உடம்பு நேராக நிற்க, கல் தெறிக்கிற சத்தத்தோடு நீ போனது எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் பாதையைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ அப்போது கொண்டை ஊசி வளைவு திரும்பி எனக்கு நேர் கீழே இருந்தாய். கண் போன இடத்துக்குச் சக்கரமும் போனது. பாதையை விட்டு இறங்கி விழுந்தேன். பாதையில் தப்பில்லை, சைக்கிளில் தப்பில்லை, நீ கூட்டிவந்ததில் தப்பே இல்லை.

வேனில் ஏன் பேசவில்லை என்றால், 2011-ஐ நினைத்துக்கொண்டிருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் நீ வெறும் நாலு மாசம்தான் போனாய். ஒரு பஸ் உரசிக் கீழே தள்ளி, முழங்கை தேய்ந்து வந்தாய். வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலமே சைக்கிளைச் சித்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நீ மூன்று நாள் கேட்டாய், நான்காம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டாய். ஊரே பார்க்கச் சைக்கிள் கற்றுக்கொண்டவள் நான். என்னைத் தடுத்த உன் தாத்தாகூட ஒரே வாரத்தில் விட்டுக்கொடுத்தார். நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. இருபத்தாறு வயதில் யாரோ ஒரு ஊரில், யாரோ ஒருவரிடம் நீ மறுபடியும் கற்றுக்கொண்டிருக்கிறாய். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்க வேண்டியது நான்.

என்னை மன்னிச்சிடு கயல். அன்றைக்கே, அந்த வேனிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரியில் தனியாக மலைக்குப் போகாதே என்று இனிமேலும் சொல்வேன், அது வேறு.

இன்னொன்று. கிரனாடாப் பல்கலைக்கழகத்து ஆட்கள், ஹொசே மரியா மார்த்தின் சிவாந்தோஸ் என்ற தொல்லியல் பேராசிரியரோடு சேர்ந்து, தூர்ந்துபோன பழைய வாய்க்கால்களை ஊர்க்காரர்களையும் மாணவர்களையும் வைத்து வெட்டித் திறக்கிறார்கள், 2014-இல் காஞ்யார் ஊரில் ஆரம்பித்தது என்று சொன்னாயே. யார் வேண்டுமானாலும் மண்வெட்டியோடு போகலாமா என்று விசாரித்து எழுது. குடிமராமத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போன காலத்தில் வளர்ந்தவள் நான், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேதி தெரிந்தால் அதை ஒட்டி டிக்கெட் எடுக்கிறேன். வாய்க்கால் வேலை முடிந்ததும் த்ரெவேலெஸிலிருந்து ஹூவிலெஸ், பெர்ச்சுலெஸ், காதியார் வரை பாக்கி வழியைப் போய் முடித்துவிடலாம். இந்தத் தடவை இறக்கத்தில் நான் முன்னால் போகிறேன், நீ பின்னால் வா.

வேண்டாம், நீயே முன்னால் போ. நான் ஓரமாக நிறுத்தி, இறங்கி நின்று, நீ கீழே போய்ச் சேரும்வரை பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா