பஞ்சமிக்கு வா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் தியாகராஜர் ஆராதனையில் பாடத் திருவையாற்றுக்கு வா என்று கூப்பிட்டபோது நீ சொன்னது மனசில் கிடந்து உறுத்துகிறது. "பாடி பதினஞ்சு வருஷம் ஆச்சும்மா, திருவையாத்துல போய் உக்கார வெட்கமா இருக்கு" என்றாய். போனில் பதில் சொல்லத் தெரியவில்லை, அதனால் இந்தக் கடிதம்.

உன் பாட்டு வகுப்பை நிறுத்தியது நான்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த அப்புறம் வரவே இல்லை. தப்பு என்னுடையது. நீ அதைச் சுமக்க வேண்டாம்.

சின்ன வயதில் தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது என் மடியில் உட்கார்ந்து பாலங்களை எண்ணுவாயே, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று. ஐந்தாவது பாலம் தாண்டியதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராகிவிடுவாய். பாலங்கள் அப்படியேதான் இருக்கின்றன. தை மாதத்துக் காவிரியும் அப்படியேதான்.

ராமனைப் பாடியே வாழ்ந்த தியாகராஜர் 1847இல் புஷ்ய பகுள பஞ்சமி அன்று, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில், திருவையாற்றில் சமாதியானார். அந்தத் திதியில் இன்றும் அங்கே பாடுகிறவர்களுக்குச் சன்மானம் கிடையாது, கேட்கிறவர்களுக்கு டிக்கெட் கிடையாது. பெரிய வித்வான்களுக்கும் சில நிமிஷங்கள்தான், நேற்று அரங்கேறிய பிள்ளைக்கும் சில நிமிஷங்கள்தான். வேறு எந்தக் கச்சேரியிலும் இதை நான் பார்த்ததில்லை.

நீ வெட்கம் என்றதும் எனக்கு நாகரத்தினம்மாள்தான் நினைவுக்கு வந்தார். தேவதாசி மரபில் வந்த பாடகி, பெங்களூர்க்காரர். பாழடைந்து கிடந்த சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கோயில் எழுப்பினார். அப்படியும் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் தனித்தனியாக ஆராதனை நடத்திவந்த கட்சிகள் ஒன்றாகின. இன்று பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து பஞ்சரத்னம் பாடுகிறோம், நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் அவருடைய ஐந்து கீர்த்தனைகள். பெண்கள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் இந்த இடம் சும்மா கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொள்வேன். 1952இல் காலமான அந்த அம்மாவின் சமாதியும் அங்கேயே இருக்கிறது. இந்தத் தடவை உன்னை அங்கே கூட்டிப்போய் நிறுத்த வேண்டும்.

போன வருஷம் என் பக்கத்தில் ஒரு பாட்டி. மடியில் பழைய நாற்பது பக்க நோட்டு, தெலுங்கு வரிகளைத் தமிழில் பேனாவால் எழுதியிருந்தார். ஸரிகம என்று ஸ்வரம் வரும்போது வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் மட்டும் போடுவார். அதே ஸ்வரத்துக்குச் சாகித்யம், அதாவது பாட்டு வரி, வந்ததும் கணீரென்று சேர்ந்துகொள்வார். ஆரபியில் ஒரு இடத்தில் தவறவிட்டார், நோட்டில் விரலை ஓட்டித் தேடினார், இரண்டு வரி தள்ளிப் பிடித்துவிட்டார். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் அப்படித்தான் பாடுகிறேன். ஸ்ரீராகம் வரும்போது என் குரல் எது, பக்கத்துக் குரல் எது என்று எனக்கே தெரியாது. அந்தச் சுகத்துக்காகத்தான் வருஷா வருஷம் போகிறேன். ரேடியோவிலும் போனிலும் நேரலை வருகிறது, கேட்கலாம்தான். ஆனால் அதில் உன் குரல் இருக்காதே.

உன் பாட்டு நோட்டைப் பரணிலிருந்து எடுத்தேன். நாட்டை, கௌளை, ஆரபி, ஸ்ரீ நான்கும் உன் குண்டுக் கையெழுத்தில் இருக்கின்றன. வராளிக்குத் தலைப்பு மட்டும் எழுதி இரண்டு பக்கம் காலியாக விட்டிருக்கிறாய். வராளியைக் குரு நேராகச் சொல்லித்தரக் கூடாது, கேட்டுத்தான் பிடிக்க வேண்டும் என்பார்களே, உன் டீச்சரும் அப்படித்தான் விட்டிருப்பார். சரி, அந்த இரண்டு பக்கத்தை நான் தொடவில்லை. பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு நீயே எழுதிக்கொள். பேனா நான் கொண்டுவருகிறேன்.

காலை ஒன்பது மணிக்குப் பஞ்சரத்னம். முந்தின நாளே வந்துவிடு.

அன்புடன்,
அம்மா